"பாக்டீரியோசின்" திரவம் விப்ரியோவுக்குக் கேட்குமா?

தேவிபட்டினம் வனாமி:
1 ஏக்கர் குளம், 1.2 மீட்டர் தண்ணி, உப்பு 38 பிபிடி (ஆயிரத்துல 38 பங்கு), 45 நாள் வனாமி இறால். டிசிபிஎஸ் தட்டுல (விப்ரியோ பாக்டீரியாவை வளர்த்து எண்ணுற தட்டு) பச்சைக் காலனி ஏறிட்டே வருது. பாக்டீரியோசின், அதாவது நல்ல பாக்டீரியா சுரக்கிற பொருள், ஆன்டிபயாடிக்குக்கு மாற்றுன்னு ஒரு திரவம் கொடுக்கிறாங்க. ஏக்கருக்கு 5 லிட்டராம். உயிருள்ள பாக்டீரியா பொடியைவிட இது மேலா? வாங்குறதுக்கு முன்னாடி சோதிக்க வழி உண்டா?

அகார் தட்டு:
முதல்ல கணக்கைப் பாருங்க. உங்க குளத்துல சுமார் 48 லட்சம் லிட்டர் தண்ணி. 5 லிட்டர் ஊத்தினா பத்து லட்சத்துல ஒரு பங்கு. அந்த அடர்வுல எந்தச் சுரப்பும் விப்ரியோவை அசைக்காது.

அடுத்தது, நிசின் மாதிரி லாக்டிக் பாக்டீரியா பெப்டைடு கிராம் பாசிட்டிவ் கிருமியைத்தான் நல்லா கொல்லும். விப்ரியோ கிராம் நெகட்டிவ், அதாவது கூடுதலா ஒரு வெளிச்சவ்வு உள்ள வகை. அந்தச் சவ்வு பெப்டைடை உள்ளே விடாது. பாசில்லஸ் பியூமிலஸ்ல சில ரகம் தர்ற அமிக்கூமாசின்ங்கிற பொருள் விப்ரியோவை அடிக்கும். ஆனா எல்லா ரகமும் தராது, லேபிள்ல இனப்பேர் மட்டும் இருந்தா ஒண்ணும் தெரியாது.

சோதனை இப்படி: திரவத்தை சென்ட்ரிஃப்யூஜ்ல 10,000 ஆர்பிஎம்ல 10 நிமிஷம் சுத்தி, மேல்தெளிவை 0.22 மைக்ரான்ல வடிகட்டுங்க. பாதியில சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டா விட்டு பிஎச் 7 ஆக்குங்க. 2% உப்பு சேர்த்த நியூட்ரியன்ட் அகார்ல உங்க குளத்துப் பச்சைக் காலனியையே பஞ்சுக்குச்சியால முழுக்கத் தேய்ச்சு, 6 மிமீ குழி மூணு போடுங்க. அப்படியே வடிச்சது, பிஎச் சரி பண்ணினது, ஒண்ணுமில்லாத மலட்டு நீர்: குழிக்கு 100 மைக்ரோலிட்டர். 30 டிகிரியில 24 மணி நேரம். முதல் குழியில வளையம் இருந்து ரெண்டாவதுல இல்லேன்னா, வேலை செஞ்சது வெறும் அமிலம். குளத்துக் காரத்தன்மை அதை உடனே முறிச்சிடும்.

வளையம் ரொம்பப் பெரிசா, கண்ணாடி மாதிரி வந்தா சந்தோஷப்படாதீங்க. ஆன்டிபயாடிக் கலந்திருக்கலாம். குளோராம்பெனிக்கால், நைட்ரோஃபியூரான் ரெண்டும் தடை; அறுவடையில எச்சம் சிக்கினா ஏற்றுமதிச் சரக்கே திரும்பிடும். கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையப் பதிவு எண் இல்லாத டப்பாவைத் தொடாதீங்க.

உப்பங்கழி:
அண்ணன் சொன்னது சரி. சுரப்பு வேலை செய்யணும்னா பாக்டீரியா இறால் குடல்லயும் அடிச்சேத்துலயும் உட்கார்ந்து அங்கேயே சுரக்கணும். அதுக்கு உயிருள்ள பாசில்லஸ்தான். அது இரையையும் இடத்தையும் விப்ரியோகிட்டருந்து பறிக்கும், சில ரகம் விப்ரியோ ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிற சமிக்ஞையையும் நொதியால உடைக்கும்.

தீவனத்துக்கு: கிலோவுக்கு 5 கிராம் பொடி, பைண்டரோட (பொடியைத் தீவனத்துல ஒட்ட வைக்கிற பசை) கலந்து நிழல்ல அரை மணி உலர்த்தல். வெயில்ல காய வைக்காதீங்க.

குளத்துக்கு ஊறல்: குளோரின் முழுக்கப் போன தண்ணி 100 லிட்டர், மொலாசஸ் 2 கிலோ, பொடி 250 கிராம். 18 முதல் 24 மணி நேரம் காத்து விடாம ஓடணும். நம்ம கரையில கோடையில உப்பு 40 தாண்டும். ஊறலுக்கு நல்ல தண்ணி கலந்து 15–20க்கு இறக்கினா நல்லா முளைக்கும். காத்து நின்னா அழுகிய முட்டை வாடை வரும், கொட்டிடுங்க. ஊத்துறதுக்கு முந்தின நாளே ஊறல்ல ஒரு சொட்டு டிசிபிஎஸ்ல தடவி வைங்க. காலனி வந்தா நீங்க விப்ரியோவைத்தான் வளர்த்திருக்கீங்க. காலை 9 மணிக்கு மேல, ஏரேட்டர் ஓடும்போது ஊத்துங்க. அயோடின், பிகேசி மாதிரி கிருமிநாசினி போட்டிருந்தா 3 நாள் பொறுங்க.

தேவிபட்டினம் வனாமி:
நன்றி. செக் ட்ரேயில (தீவனம் தின்னுச்சான்னு பாக்குற தட்டு) வெள்ளைக் கழிச்சல் நூலும் தெரியுது. இதே ஊறல் போதுமா?

அகார் தட்டு:
அது இஎச்பிங்கிற மைக்ரோஸ்போரிடியா ஒட்டுண்ணியா இருக்கலாம். அதுக்கு பாசில்லஸ் மருந்தில்ல. இறாலோட கல்லீரல்-கணையத்தையும் கழிச்சலையும் பிசிஆர் (மரபணு) சோதனைக்கு அனுப்புங்க, தீவனத்தைக் குறைங்க. விப்ரியோவையும் அதே சாம்பிள்ல டாக்சின் (நச்சு) ஜீனுக்குப் பாக்கச் சொல்லுங்க; பச்சையா இருக்குன்னு மட்டும் வச்சு ஆபத்தை முடிவு பண்ண முடியாது, மஞ்சளா இருந்தா பயமில்லைன்னும் சொல்ல முடியாது.