வீட்டிலேயே பாட்டு மிக்ஸ் செய்து மாட்டிக்கொண்டவர்கள் வாங்க, உங்கள் கதையையும் சொல்லுங்கள்

திருச்சியிலிருந்து, ஆரம்பித்தவர்

தங்கையின் வளைகாப்புக்கென்று ஆரம்பித்த பாட்டு, குழந்தைக்குப் பேர் வைத்த அன்றுதான் வீட்டில் ஒலித்தது. வரிகள் சித்தி எழுதியவை, மெட்டு என்னுடையது, பாடியது சித்தி மகள். கிடார், பேஸ், கீபோர்டு, ஒரு கஞ்சிரா. அவ்வளவுதான். ரெக்கார்டிங் இரண்டே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. குக்கர் விசிலும் எதிர்வீட்டு நாயும் விழுந்த இடங்களை மட்டும் திரும்பப் பாட வைத்தேன். மிச்சம் ஒன்பது வாரமும் மிக்ஸிங்தான், அதாவது தனித்தனியாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலக்கும் வேலை.

முதல் அடி மாமா காரில் விழுந்தது. என்னுடையது மாடியில் பத்துக்குப் பத்து அறை. நடுவில் மேஜை, அதன்மேல் ஐந்து அங்குல ஸ்பீக்கர் இரண்டு. பேஸ் கிடாரில் சில சுரங்கள் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஏற்றினேன். இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். காரில் பென் டிரைவைச் செருகியதும் கதவெல்லாம் உறுமியது. “என்ன மாப்ள, பின்னாடி லாரி வருதா?” என்று மாமா கண்ணாடியைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து பேஸைக் குறைத்தேன். என் அறையில் பாட்டே சோகையாகிவிட்டது. மறுபடி ஏற்றினேன். இப்படியே மூன்று வாரம் போனது. நடுவில் யாரோ சொன்னார்கள் என்று பரோட்டாக் கடையில் முட்டை அட்டை வாங்கிவந்து சுவர் முழுக்க ஒட்டினேன். பல்லிகளுக்கு வீடு கிடைத்தது.

இரண்டாவது அடி அம்மாவிடம். மொட்டை மாடியில் வடாம் காயப்போட வந்தவர் வாசலில் நின்று முழுப் பாட்டையும் கேட்டார். எனக்கு ஒரே பெருமை. முடிந்ததும் கேட்டாரே ஒரு கேள்வி: “வளையல்னு பாடுறாளா, வயல்னு பாடுறாளா?”

பாட்டே வளையலைப் பற்றியது! அப்போதுதான் உறைத்தது. எனக்கு வரி மனப்பாடம். குரல் கிடாருக்கு அடியில் புதைந்து கிடந்தாலும் என் மூளையே வார்த்தைகளை நிரப்பிக்கொண்டது. முதல்முறை கேட்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. ‘ளை’யில் அவள் குரல் இயல்பாகவே தணிகிறது, அதே இடத்தில் கிடாரில் ஒரு பலமான மீட்டு. அந்த ஒரு அசையை மட்டும் இரண்டு டெசிபெல் தூக்கினேன். கிடாரில் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஈக்யூவில் (ஒலியின் ஒரு பகுதியை மட்டும் கூட்டிக் குறைக்கும் கருவி) கொஞ்சம் வெட்டினேன். வளையல் வளையலானது. அதன்பின் எல்லா வரியையும் அசை அசையாகப் பார்க்க ஆரம்பித்தேன், அதில் போனது இன்னும் இரண்டு வாரம்.

கோப்புகளின் பெயர்கள்: ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘நிஜமான இறுதி’, ‘அம்மா ஓகே’. விழாவில் போட்டது கடைசிக் கோப்பு. ஆனாலும் பேஸ் விஷயம் இன்றுவரை தீரவில்லை. உங்களுக்கு எப்படி?

கோவையிலிருந்து

தம்பி, பாட்டு என்ன கட்டை? உங்கள் அறையின் உயரமும் பத்தடிதானே?

திருச்சி

ஆறு கட்டை அண்ணா. உயரமும் பத்தடிதான். ஏன்?

கோவை

நினைத்தேன். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. பத்தடி என்பது 3.05 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே போய் முட்டித் திரும்பும் அலை சுமார் 56 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 56 அதிர்வில், நின்றுகொள்ளும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்று என்றால் மூன்று திசையிலும் அதே 56. இப்போது உங்கள் பாட்டைப் பாருங்கள். ஆறு கட்டை என்றால் ஆதார சுருதி மேல்நாட்டு முறையில் ஏ. பேஸ் கிடாரில் ஏ தந்தியைச் சும்மா மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். பாட்டின் ஆதார சட்ஜமமே அறையின் வாயில் போய் விழுந்திருக்கிறது.

இந்த நின்ற அலை சுவரோரம் பொங்கும், அறையின் நட்டநடுவில் செத்துப்போகும். நீங்கள் மேஜையைப் போட்டிருப்பது நடுவில். சந்தேகம் இருந்தால் அந்த ஏ-யை மட்டும் ஓடவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து மூலைக்கு நடந்து பாருங்கள். முதல்முறை நான் நடந்து பார்த்தபோது ஸ்பீக்கரை யாரோ மாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

அப்புறம் அந்த முட்டை அட்டை. 56 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் இருபதடி. அதை ஓர் அங்குல அட்டை என்ன செய்யும்? கழற்றிவிடுங்கள். நான்கு அங்குல ராக்வூல் (பாறையிலிருந்து செய்யும் பஞ்சு) பலகை செய்து மூலைகளில் நிறுத்தினால் கொஞ்சம் குறையும். செலவே இல்லாத வழி வேண்டுமென்றால், மேஜையைச் சுவர்ப்பக்கம் தள்ளி, உங்கள் தலை முன்சுவரிலிருந்து மூன்றே முக்கால் அடியில் இருக்கும்படி உட்கார்ந்து பாருங்கள். பேஸை எந்தச் சுரமும் விடாமல் ஹெட்ஃபோனிலும் ஒருமுறை சரிபாருங்கள். அதற்குள் சுவர் வராது.

கும்பகோணம், மிருதங்கம் வாசிப்பவர்

என் கதை சின்னது. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலைக்கு ஒரு மைக், இடப்பக்கமான தொப்பிக்கு ஒரு மைக் வைத்து எடுத்தேன். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் அருமை. சேர்த்தால் தொப்பியின் கனம் முழுக்கக் காணாமல் போய்விடும். தொப்பியில் கனத்துக்காக ஒட்டும் ரவையைப் போடவில்லையோ என்று வாத்தியத்தைச் சந்தேகப்பட்டேன், மைக்கைச் சந்தேகப்பட்டேன், இரண்டு நாள் ஈக்யூவில் உருண்டேன். கடைசியில் ஒரு டிராக்கின் ஃபேஸைத் திருப்பும் பொத்தானை அமுக்கினேன், தொப்பியின் கும்கி நாதம் குதித்து வந்து நின்றது. எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து ஒரே அடியைப் பிடிக்கும் மைக்குகளில் ஒன்று ‘உள்ளே’ என்னும்போது மற்றது ‘வெளியே’ என்கிறதாம். கூட்டினால் கழிந்துவிடுகிறது.

அதிலிருந்து, ஒரு டிராக்கை மட்டும் தனியாக ஒலிக்கவிடும் சோலோ பொத்தானைக் கண்டாலே எனக்குப் பயம். தனியாக அழகாகக் கேட்பதை வைத்து நான் எடுத்த முடிவு ஒன்றுகூடத் தேறவில்லை.

தம்பி கோப்பு எண்ணிக்கைக்கு வருத்தப்பட வேண்டாம். மைக்கேல் ஜாக்சனின் ‘பில்லி ஜீன்’ பாட்டுக்கு 91 மிக்ஸ் வரை போய்விட்டு, கடைசியில் இரண்டாவது மிக்ஸுக்கே திரும்பினோம் என்று அதைச் செய்த ப்ரூஸ் ஸ்வீடியன் சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு ஸ்டுடியோவே இருந்தது.

விருதுநகர்

கோரஸ் குரல்களை ‘அகலப்படுத்தும்’ பிளகின் ஒன்றைப் போட்டேன். ஹெட்ஃபோனில் காதைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று பாடுகிற மாதிரி இருந்தது. டீக்கடையில் இருக்கும் ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினால் கோரஸே இல்லை! இடதும் வலதும் ஒன்றாகச் சேரும்போது ஒன்றையொன்று தின்றுவிட்டன. “பாட்டு நல்லாருக்கு, கூடப் பாட ஆள் போட்டிருக்கலாமே” என்றார் டீ மாஸ்டர். இப்போதெல்லாம் பாதி வேலையை, இடதும் வலதும் ஒன்றாகக் கேட்கும் மோனோவில்தான் செய்கிறேன்.

திருச்சி

கோவை அண்ணா, நேற்று மேஜையை நகர்த்தினேன். ஏ-யை ஓடவிட்டு நடந்தும் பார்த்தேன். பழைய இடத்தில் முணுமுணுப்பு, மூலையில் பூதம். புது இடத்தில் உட்கார்ந்து ‘அம்மா ஓகே’வைக் கேட்டால் பேஸ் அசிங்கமாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இதையா ஊரைக் கூட்டிப் போட்டேன்! நான்கு டெசிபெல் குறைத்திருக்கிறேன். தங்கையும் பாப்பாவும் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள், கீழ் அறையில் தூக்கம். அதனால் சத்தத்தை நன்றாகக் குறைத்துவைத்துத்தான் கேட்க முடிகிறது. அப்படிக் கேட்டால் நான்கு டெசிபெல் அதிகமாகக் குறைத்துவிட்டேனோ என்று தோன்றுகிறது.

கோவை

தொடாதீர்கள்! சத்தம் குறைந்தால் நம் காதுக்குப் பேஸ் இன்னும் குறைவாகத்தான் கேட்கும். 1933-லேயே ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து வரைந்துவைத்த விஷயம். பாப்பா விழித்திருக்கும்போது ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள். மாமா கார் எப்போது வரும்?