இந்த ஸ்பென்சர் கார்பைன் கெட்டிஸ்பர்க் போரில் இருந்திருக்குமா?

கேள்வி:
வணக்கம். பென்சில்வேனியாவில் நான் வசிக்கும் ஊரில், பழம்பொருள் வணிகர் ஒருவரிடம் ஸ்பென்சர் குதிரைப்படைக் கார்பைன் (குறுங்குழல் துப்பாக்கி) ஒன்று விற்பனைக்கு வந்துள்ளது. குழலின் நீளம் 22 அங்குலம், உள்ளே குண்டைச் சுழலவைக்கும் மூன்று வரிப்பள்ளங்கள். துப்பாக்கியின் மரக்கட்டையின் இடப்பக்கத்தில் முட்டை வடிவ முத்திரைக்குள் 'இஎஸ்ஏ' என்ற எழுத்துகளும், விசைக்கு முன்னால் திருப்பக்கூடிய சிறு தடுப்பு ஒன்றும் உள்ளன. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க்கில் குதிரைவீரர் ஒருவர் ஏந்தியது என்று கூறி, அதற்கேற்ற விலையும் கேட்கிறார். நம்பி வாங்கலாமா?

மறுமொழி 1:
துப்பாக்கி அசலானதாகவே தோன்றுகிறது, கதைதான் பொருந்தவில்லை. கெட்டிஸ்பர்க்கில் தளபதி கஸ்டரின் மிச்சிகன் படைப்பிரிவினர் சிலரிடம் ஸ்பென்சர் இருந்தது உண்மை, ஆனால் அவை நீளமான ரைஃபிள்கள். கார்பைன்கள் அந்த ஆண்டு அக்டோபரில்தான் படைக்கு வரத் தொடங்கின. வணிகர்களுக்கு என்னவோ கெட்டிஸ்பர்க்கை விட்டால் வேறு போரே நினைவுக்கு வருவதில்லை!

மறுமொழி 2:
முத்திரையைப் பற்றிச் சொல்கிறேன். அது ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலச் சாலையின் தலைமைத் துப்பாக்கிக் கைவினைஞர் எர்ஸ்கின் எஸ். ஆலினுடையது, உள்நாட்டுப் போருக்குப் பின் அங்கே புதுப்பிக்கப்பட்ட ஸ்பென்சர்களில் அதைக் காணலாம். போர்க்காலக் குழலில் ஆறு வரிப்பள்ளங்கள் இருந்தன. புதுப்பித்தபோது அதனுள் வேறொரு குழாயைச் செருகி, உள்விட்டத்தை அரை அங்குலமாகக் குறைத்து, மூன்று பள்ளங்கள் வெட்டினார்கள். குழல்வாயை உருப்பெருக்கியால் பார்த்தால், இரண்டு இரும்புகளும் சேருமிடத்தில் மெல்லிய வளையக் கோடு தெரியலாம். 1865 மாதிரிக்கும் மூன்று பள்ளங்களே என்றாலும் அதன் குழல் 20 அங்குலம்தான் என்பதால், உங்களுடையது போர்க்காலத்தில் செய்யப்பட்டுப் பின்னர் மாற்றப்பட்டது என்று கொள்ளலாம். விசைக்கு முன்னால் உள்ளது ஸ்டேப்லர் தடுப்பு: அதைத் திருப்பிவிட்டால் கட்டைக்குள் இருக்கும் ஏழு தோட்டாக்களும் அவசரத்துக்கென்று அப்படியே இருக்க, வீரர் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் இட்டுச் சுடலாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் வாங்காமல் விட்டுவிடுவதா?

மறுமொழி 2:
விட வேண்டியதில்லை, புதுப்பிக்கப்பட்ட ஸ்பென்சருக்குரிய விலையைப் பேசுங்கள். அதற்குமுன், கட்டையின் அடிப்புறத்திலிருந்து தோட்டாக் குழாயை உருவிப் பாருங்கள், பல துப்பாக்கிகளில் அது தொலைந்துபோயிருக்கும். இடப்பக்கத்தில் தோள்வாரின் கொக்கியை மாட்டும் வளையம் தடையின்றி நகர்கிறதா என்றும் கவனியுங்கள். இக்காலத் தோட்டாவைச் சுடுவதற்காக குழலின் பின்வாயை மூடும் அசல் அடைப்பை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்துவோரும் உண்டு. அப்படியிருந்தால் பழையதையும் கேட்டு வாங்குங்கள்.

மறுமொழி 3:
வாங்கிய பிறகு மெருகேற்ற முனையாதீர்கள். இரும்பில் படிந்த பழுப்பையும் கட்டையிலுள்ள முத்திரையையும் உப்புத்தாள் ஒரே மாலையில் அழித்துவிடும், விலையும் அத்தோடு போய்விடும். மெல்லிய எண்ணெய் தொட்ட பருத்தித் துணியே போதும். 1898 வரை தயாரானவற்றை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பழம்பொருளாகவே கருதுகிறது என்றாலும், மாநில விதிகளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.