பில்ட் = கட்டுகை? (கெர்னல் வழிகாட்டிக்காக)

அனைவருக்கும் வணக்கம்.

இயங்குதளத்தின் கருவான லினக்ஸ் கெர்னலை மூலநிரலிலிருந்து உருவாக்கும் வழிகாட்டியில், அந்த முழு வேலையைக் குறிக்கும் 'பில்ட்' என்பதற்கு இதுவரை 'தொகுத்தல்' என்றே எழுதிவந்தோம். அது, மூலநிரலைக் கணினிமொழிக்கு மாற்றும் கம்பைலுக்கு வேரூன்றிவிட்ட சொல். 'தொகுத்தல் தோல்வி' என்று ஒருவர் எழுதினால், சி கோப்பில் பிழையா, மாற்றிய துண்டுகள் ஒன்றாக லிங்க் (இணைத்தல்) ஆகும்போது நின்றதா என்று தெரிவதில்லை. 'கட்டுகை' என்று வைத்துக்கொள்ளலாமா?

---

> 'கட்டுகை' என்று வைத்துக்கொள்ளலாமா?

கட்டளை, கட்டமைப்பு, கட்டுப்பாடு... ஏற்கெனவே நெரிசல். 'உருவாக்கம்' போதாதா? தொகுத்தலும் இணைத்தலும் சேர்ந்ததுதானே பில்ட்? தனிச்சொல் எதற்கு?

---

> தொகுத்தலும் இணைத்தலும் சேர்ந்ததுதானே பில்ட்?

இல்லை ஐயா. உபுண்டு லினக்ஸின் கெர்னல் அமைவுகள் உள்ள '.கான்ஃபிக்' கோப்பை அப்படியே எடுத்துவந்து, பில்டை ஓட்டும் 'மேக்' கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். 'டெபியன்/கனானிக்கல்-செர்ட்ஸ்.பெம்' கோப்பை ஆக்க விதி இல்லை என்று நின்றுவிடும். அங்கே தொகுப்பியும் தவறவில்லை, இணைப்பியும் தவறவில்லை. 'சிஸ்டம்_டிரஸ்டட்_கீஸ்' என்ற அமைவு, கெர்னல் மூலநிரலில் இல்லாத சான்றிதழைச் சுட்டுகிறது. அந்த மதிப்பையும், 'சிஸ்டம்_ரெவொகேஷன்_கீஸ்' மதிப்பையும் வெற்று மேற்கோள்குறிகளாக்கினால் வேலை தொடரும். இந்தத் தோல்வியை எந்தப் பெயரால் அழைப்பீர்கள்? 'உருவாக்கம்' டெவலப்மென்டுக்குப் போய்விட்டது.

மற்றவற்றையும் பிரித்து எழுதலாம். 'ஜிஇஎல்எஃப்.எச்' கோப்பு இல்லை என்று பிழை வந்தால் லிப்எல்ஃப் மேம்பாட்டுப் பொதி நிறுவப்படவில்லை. அது தொகுத்தல் தோல்வி. 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' (சுட்டிய பெயருக்கு வரையறை கிடைக்கவில்லை) என்றால் இணைத்தல் தோல்வி. தொகுப்பியின் உள்நிரலான 'சிசி1' 'கில்ட்' என்று செத்தால் பெரும்பாலும் நினைவகப் பற்றாக்குறை: கெர்னலின் செய்திப் பதிவைக் காட்டும் 'டிமெசெஜ்' பாருங்கள், ஒரே நேரத்தில் ஓடும் பணிகளின் எண்ணிக்கையைச் சொல்லும் '-ஜே8' என்பதை '-ஜே2' ஆக்குங்கள், அல்லது நினைவகத்துக்குத் துணையாக வட்டில் ஒதுக்கும் ஸ்வாப் இடத்தைக் கூட்டுங்கள். நிரலில் பிழை தேடிப் பயனில்லை.

வழிகாட்டியில் இதையும் சேர்க்க வேண்டும்: கடைசி வரியில் வரும் 'பிழை 2' காரணம் அல்ல. இணையாகப் பல பணிகள் ஓடும்போது ஒன்று விழுந்தாலும், தொடங்கிவிட்ட மற்றவை முடியும்வரை எழுதிக்கொண்டே இருக்கும். உண்மைப் பிழை நூறு வரி மேலே கிடக்கும். 'மேக் -ஜே1 வி=1' என்று மறுபடி ஓட்டினால் பிழையும் அதற்கான முழுக் கட்டளையும் கடைசியில் அருகருகே நிற்கும்.

---

சான்றிதழ் எடுத்துக்காட்டுக்குப் பிறகு மறுப்பில்லை. வருகை, செய்கை போலக் கட்டுகை. மறுகட்டுகை, கட்டுகைப் பதிவு என்றும் நீளும். முந்தைய கட்டுகையின் கோப்புகளை நீக்கும் 'மேக் கிளீன்' = கட்டுகைத் துடைப்பு. இன்னும் ஆழமாகத் துடைக்கும் 'எம்ஆர்பிராப்பர்' என்பது ஒரு துப்புரவுப் பொருளின் பெயர், மொழிபெயர்க்க வேண்டாம். ஆனால் அது '.கான்ஃபிக்' கோப்பையும் அழித்துவிடும் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

'இணைப்பு' வலைத்தொடுப்போடு குழம்புகிறதே, 'கோத்தல்' எனலாமா?

---

கோத்தல் என்றால் பெயர்ச்சொல் 'கோப்பு' ஆகிவிடும், அது ஃபைல். லிங்கருக்கு 'இணைப்பி' இருக்கட்டும். செயலை எப்போதும் 'இணைத்தல்' என்றே எழுதுவோம், 'இணைப்பு' என்று சுருக்க வேண்டாம். கட்டுகையை இன்றே சொற்பட்டியலில் ஏற்றுகிறேன்.