மார்கழிப் பனியில் ஒரு சாக்குப் போர்வை: உங்களுக்கும் நடந்திருந்தால் எழுதுங்கள்

நாகர்கோவில்

நம்மூர்க் குளிரைப் பற்றி வெளியூரில் பேசினால் சிரிப்பார்கள். டிசம்பர் விடியற்காலையில் இங்கே 22, 23 டிகிரி இருந்தால் அதிசயம். அதற்கே எங்கள் அப்பா மப்ளர் கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து சுக்குக்காப்பி கேட்பார். சென்னையிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் நான் கேலி செய்வேன். முப்பந்தலில் பஸ் நின்ற அந்த ராத்திரியோடு கேலியை நிறுத்திவிட்டேன்.

நான்கு வருடம் இருக்கும். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் டிசம்பர் கடைசி வாரத்துக்கு டிக்கெட் கிடைப்பது உங்களுக்கே தெரியும். வெயிட்டிங் லிஸ்ட் நகரவே இல்லை. கடைசியில் ஒரு தனியார் பஸ்ஸில் ஏறினேன். திருச்சி தாண்டும்போதே உடம்பு சுட ஆரம்பித்துவிட்டது. பின்னிரவு 3 மணிக்கு முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவில் வண்டி உயிரை விட்டது. மாற்று பஸ் வரும் என்றார்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போன் போட்டார்கள். எனக்கு அப்பாவை அந்நேரத்தில் எழுப்பி ஸ்கூட்டரில் வரச் சொல்ல மனம் வரவில்லை. ரோட்டோரம் பையை மடியில் வைத்து உட்கார்ந்தேன். பல் கிடுகிடுவென்று அடித்தது.

அப்போதுதான் மதுரைப் பக்கமிருந்து பூ ஏற்றிக்கொண்டு ஒரு டெம்போ வந்தது. தோவாளை மார்க்கெட்டுக்குப் போகிற வண்டி. பனிக்காலத்தில் வரத்து குறைந்து பிச்சியும் மல்லிகையும் விலை ஏறிக்கிடக்கும். நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் அந்த விலை கிடைக்காது. அப்படிப்பட்ட வண்டி நின்றதே பெரிய விஷயம்.

முன்னால் டிரைவரோடு ஒரு பெரியவரும் ஒரு பையனும். பெரியவர் எட்டிப் பார்த்து, "எங்க போணும் மக்களே?" என்றார். சொன்னேன். "தோவாளை வரைக்கும் வா. அங்கேருந்து பஸ் உண்டு." பின்னால் ஏறப் போனேன். என் கையைப் பிடித்து ஏற்றிவிட வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "சூடு கொதிக்குதே உனக்கு!" அவ்வளவுதான். தான் உட்கார்ந்திருந்த இடத்தில் என்னைத் தள்ளிவிட்டு, காய்ந்த சாக்கு ஒன்றை எடுத்து என் கழுத்துவரை இழுத்துப் போர்த்தினார். அவர் பின்னால் போய் நனைந்த பூமூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார். பூ வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்த மூட்டைகள். ஐஸ் பெட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்திருக்கும். வேண்டாம் என்று நான் முனகியதற்கு, "எனக்கு இது தினசரி. நீ பேசாம இரி" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

தோவாளையில் சுக்குக்காப்பி வாங்கிக் கொடுத்து, நாகர்கோவில் வடசேரி போகிற பஸ்ஸில் ஏற்றியும் விட்டார். 200 ரூபாயை நீட்டினேன். "வாடகை பூவுக்குத்தான் பேசியிருக்கு, ஆளுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு மூட்டை இறக்கப் போய்விட்டார். கிழங்குச் சாக்கு அது. மண்வாசமும் பிச்சிவாசமும் கலந்து என் சட்டையில் ஏறிவிட்டது. கதவைத் திறந்த அம்மா முதலில் கேட்டது, "யாருக்குக் கல்யாணம்லே?"

பணம் கொடுத்தார்கள், வேலை வாங்கிக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் வேறு கணக்கு. டிசம்பர் லீவு நாட்களில் யாரோ ஒருவர் தன் சுகத்தில் கொஞ்சம் கழித்து உங்களுக்குக் கொடுத்த கதை இருந்தால் எழுதுங்கள். நீங்கள் கொடுத்ததாக இருந்தாலும் சரி.

கன்னியாகுமரி

நான் கொடுத்த கதை, அதுவும் மாட்டிக்கொண்ட கதை. லாட்ஜில் வேலை. கார்த்திகை 1 தொடங்கிவிட்டால் எங்களுக்கு சீசன், தை மாதம் வரை தூக்கம் கிடையாது. சபரிமலை முடித்துவிட்டு வந்த ஆந்திரா கோஷ்டியில் வயதான சாமி ஒருவர் இருமிக்கொண்டே வந்து "வேடி நீள்ளு" என்றார். வெந்நீர் என்பது புரியவே எனக்கு இரண்டு நிமிஷம் ஆயிற்று. சமையல்கட்டில் கொதிக்க வைத்துக் குப்பியில் ஊற்றிக் கொடுத்தேன். திரும்பிப் பார்த்தால் வராந்தாவில் 16 சாமிகள், ஆளுக்கொரு குப்பியோடு. விடியும் வரை வெந்நீர் போட்டேன். முதலாளி காஸ் சிலிண்டருக்குக் கணக்குக் கேட்டார். போகும்போது அந்தப் பெரியவர் என் கையில் ஒரு அரவணை டின்னை வைத்து அழுத்திவிட்டுப் போனார். முதலாளிக்கும் அதில் இரண்டு ஸ்பூன் கொடுத்தேன், கணக்கு தீர்ந்தது.

குலசேகரம்

அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு, மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. சொந்தமாக 200 மரம். மற்றவர்களுக்குக் குளிர் என்றால் இழுத்துப் போர்த்திக்கொள்கிற நேரம், எங்களுக்கு அதுதான் சோறு. குளிர் இருந்தால் பால் சட்டென்று நிற்காமல் சிரட்டையில் வடிந்துகொண்டே இருக்கும். பிப்ரவரியில் இலை உதிர்ந்துவிட்டால் கத்தியைக் கழுவி வைக்க வேண்டியதுதான். ஆகவே டிசம்பரில் ஒரு வெட்டு போனாலும் வலிக்கும்.

நான் பிளஸ் ஒன் படித்த வருடம், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு அப்பா பால் வாளியோடு சறுக்கி விழுந்து கணுக்கால் வீங்கிவிட்டது. 25ஆம் தேதி வெட்டு முறை. "போனா போட்டு" என்று சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். அன்று விடியுமுன் 4 மணிக்கு, கோயிலுக்குப் போக அம்மா எழுப்பியபோது ஜன்னல் வழியே பார்த்தேன். எங்கள் மரங்களுக்கு நடுவே, நெற்றியில் கட்டுகிற ஹெட்லைட் வெளிச்சம் ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு மரத்தில் கொஞ்சம் நிற்கும், அடுத்த மரத்துக்குப் போகும்.

பக்கத்து விளைக்காரர், பக்கத்துத் தோட்டத்துக்குச் சொந்தக்காரர். எல்லையில் நிற்கிற பிலாமரம் யாருக்கு என்ற சண்டையில் இரண்டு வருடமாக அப்பாவோடு பேச்சே கிடையாது. அவர் 200 மரமும் வெட்டி, பால் எடுத்து, ஆசிட் ஊற்றி டிஷ்களில் உறைய வைத்துவிட்டு, வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. 27ஆம் தேதி மறுபடியும் அந்த வெளிச்சம். 29ஆம் தேதியும்.

அம்மா ஒரு டப்பா நிறைய முந்திரிக்கொத்து கொடுத்து அனுப்பினாள். அவர் மனைவி வாங்கிக்கொண்டு, வெறும் டப்பாவாகத் திருப்பக் கூடாது என்று நாலு மட்டிப்பழம் போட்டுக் கொடுத்தார். நான் படி இறங்கும்போது உள்ளே இருந்து அவர் குரல்: "உங்க அப்பன்கிட்ட சொல்லு பிள்ளே, வேலி ஒரு முழம் இங்கதான் வரும்னு."

அப்படியே சொன்னேன். காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே. பிலாமரச் சண்டை அதற்குப் பிறகும் ஆறு வருடம் ஓடியது.

தக்கலை

சின்னதுதான். அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கூட்டி வந்த மறுநாள் ராத்திரி கேரல் பார்ட்டி வந்துவிட்டது. டிரம், கிறிஸ்துமஸ் தாத்தா, முப்பது பிள்ளைகள். வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டு விஷயத்தைச் சொன்னேன், போய்விடுவார்கள் என்று நினைத்தேன். டிரம் அடிக்கிற பையன் கழற்றித் தரையில் வைத்தான். அப்பா படுத்திருந்த ஜன்னல் பக்கம் எல்லோரும் நெருங்கி நின்று, காதில் சொல்வது போல ஒரே ஒரு பாட்டு பாடினார்கள். காணிக்கை டப்பாவைக் கூட நீட்டவில்லை. நான்தான் ஓடிப்போய்ப் போட்டேன்.

தூத்தூர் பக்கம்

எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். 2017. நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல். எங்கள் கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் கடலிலேயே கிடப்பார்கள். என் அண்ணனும் போயிருந்தான். போகும் முன்பே எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் துணி எடுத்து டெய்லரிடம் கொடுத்திருந்தான். டிசம்பர் பிறந்துவிட்டால் அவர் துணி வாங்க மாட்டார்.

அந்த வருடம் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் நட்சத்திரம் கட்டவில்லை. 23ஆம் தேதி சாயங்காலம் டெய்லர் ஒரு கட்டோடு வந்தார். அவரைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. யார் கேட்டது இப்போது புதுத்துணி? பிள்ளைகளின் பிராக், அம்மாவின் ஜாக்கெட், எல்லாம் தைத்து மடித்திருந்தார். அண்ணனுடைய நீலக் கட்டம் போட்ட சட்டைத்துணி மட்டும் வெட்டாமல் முழுசாக இருந்தது. அளவுச் சீட்டை அதிலேயே ஊசி குத்தி வைத்திருந்தார்.

"இது பழைய அளவும்மா. அவன் வந்த பெறகு புதுசா அளவெடுத்துத் தைப்போம்" என்றார் அம்மாவிடம். ஊரில் மற்றவர்கள் வேறு மாதிரி பேச ஆரம்பித்திருந்த நேரம் அது. கூலி வாங்கவில்லை. அன்று ராத்திரி அம்மா கேட்டு வாங்கிக் கஞ்சி குடித்தாள்.

அவர் நம்பித்தான் சொன்னாரா, அம்மாவுக்காகச் சொன்னாரா, நான் கேட்டதில்லை. துணி பெட்டியில் இருக்கிறது. சீட்டும் அதிலேதான்.

குளச்சல்

மேலே படித்துவிட்டு இதை எழுதவே தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் கேக் பற்றிக் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். டிசம்பர் 20 முதல் 25 வரை நம் மாவட்டத்து முதியோர் இல்லங்களில் நிற்க இடம் இருக்காது. ஒரு குழு கேக் வெட்டிவிட்டு வெளியே வரும், அடுத்த குழு பேனரோடு உள்ளே போகும். எங்கள் குழுவும் அப்படித்தான் போனது, போட்டோவும் எடுத்தோம். நானும் அதில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஒரு பாட்டியிடம் கேக் பெட்டியை நீட்டினேன். கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினார். எண்ணிப் பார்த்தேன், 11 பெட்டி. எறும்பு சாரை போட்டிருந்தது. "எனக்கு சுகர் பிள்ளே. இந்த நகத்தை வெட்டி விடுவியா? கண்ணு தெரியாம நானே வெட்டி ரெத்தம் வந்துட்டு."

என் பையில் நகவெட்டி இருந்தது. கால் நகம் மஞ்சள் பூத்து, தேங்காய்ச் சிரட்டைத் துண்டு மாதிரி கெட்டியாக இருந்தது, நகவெட்டி வழுக்கியது. அங்கிருந்த நர்ஸ் வந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் காலை வைக்கச் சொன்னார். சூடு அதிகம் கூடாது, சுகர்காரர்களுக்குச் சுட்டாலும் தெரியாது என்றார். ஓரத்தில் உள்ளே போய் வெட்டாமல் நேராக வெட்டச் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரர் காலை நீட்டியதும் அதே நகவெட்டியோடு போனேன், ஸ்பிரிட்டில் துடைக்காமல் தொடக் கூடாது என்று ஒரு திட்டு. நியாயம்தான். பாட்டி அதற்குள் தலைச்சுமடாக மீன் விற்ற காலத்துக்குப் போய்விட்டார். தோட்டியோடு என்கிற ஊர் வரைக்கும் நடந்தே போவாராம்.

கிளம்பும்போது கேட்டார். "26ஆந்தேதி ஒரு ஆளும் வரமாட்டாங்க. அன்னைக்கு வாறியா?"

எனக்கு வாய் வரவில்லை. 2004இல் அந்த 26 ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் கட்டிய நட்சத்திரங்கள் வீடுகளில் அப்படியே தொங்கின, கடல் வந்துவிட்டது. வருடாவருடம் அன்று காலை நாங்கள் கல்லறையில்தான் இருப்போம். மெதுவாகச் சொன்னேன். பாட்டி என் விரலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். "சரி, மெழுகுதிரி கொளுத்திட்டு சாயங்காலம் வா."

போனேன். ஏழு பேருக்கு வெட்டினேன். நகவெட்டி மழுங்கிவிட்டது.

நாகர்கோவில்

எல்லோருடையதையும் இரண்டு தடவை படித்தேன். தூத்தூர் பக்கத்து அக்காவுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் எழுதவில்லை.

தோவாளைக்குப் போய் அந்தப் பெரியவரைத் தேடியும் பார்த்தேன். இருட்டில் முகம் சரியாகப் பார்க்கவில்லை. குரலை வைத்து மார்க்கெட்டில் யாரைக் கண்டுபிடிப்பது? அங்கே எல்லோரும் எல்லோரையும் மக்களே என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

குளச்சல்காரர் சம்மதித்தால் இந்த 26 சாயங்காலம் நானும் வருகிறேன். வடசேரியில் 12 நகவெட்டி வாங்கியாயிற்று. "என்ன தம்பி, கடை போடப் போறியளா?" என்றார் கடைக்காரர்.

குளச்சல்

வாங்க. ஆனால் கால் நகத்துக்குப் பெரிய சைஸ்தான் சரிப்படும். சின்னது வாங்கியிருந்தால் இன்றைக்கே போய் மாற்றிவிடுங்கள், 25ஆம் தேதி கடை இருக்காது.