வேலைய விட்டுட்டு ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ) சேந்தவங்க இருக்கீங்களா?
வணக்கம் அக்கா, அண்ணா. மதுரைல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில 4 வருஷமா நர்சிங் அசிஸ்டென்டா இருக்கேன், பாதி நாள் நைட் டியூட்டிதான். படுத்த படுக்கையா இருக்கறவங்கள 2 மணி நேரத்துக்கு ஒருதடவ திருப்பிப் படுக்க வைக்கணும் இல்லன்னா முதுகுல புண்ணு வந்துடும், போன வாரம் ஒரு பாட்டிய ஒத்த ஆளா திருப்புனதுல எனக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு, அவங்க என் கையப் புடிச்சு "சாப்ட்டியாம்மா"ன்னு கேட்டாங்க, அழுதுட்டேன்.

நர்ஸ் ஆகியே தீரணும். பிளஸ் டூல காமர்ஸ் எடுத்ததால பிஎஸ்சி நர்சிங் கிடையாது, 3 வருஷ ஜிஎன்எம்தான். வயசு 27. கிளாஸ், வார்டு போஸ்டிங்னு முழு நேரமும் போயிடுமாம், அம்மா என் சம்பளத்த நம்பித்தான் இருக்காங்க. இப்படி சேந்தவங்க வீட்டுச் செலவ எப்படி சமாளிச்சீங்க? ஒத்த ஆளா பேஷன்ட்ட திருப்ப இடுப்பு நோகாத முறை தெரிஞ்சாலும் சொல்லுங்க, இன்னிக்கும் நைட் டியூட்டி.