கட்டிலடிப் பூனையும் பாட்டுப் பாடும் பிள்ளையும்: அனுபவப் பகிர்வு

தொடக்கப் பதிவு

கட்டிலடியை விட்டு வராத பூனை, ஆள் நடந்தாலே உறைந்துபோகும் முயல், கூண்டின் பின்மூலையில் ஒட்டிக்கொள்ளும் பட்ஜி (வீட்டில் வளர்க்கும் சிறு கிளி). இவற்றோடு ஆறு, ஏழு வயதுப் பிள்ளை பாட்டு வழியாகப் பழகுவது பற்றிய இழை இது. "பாடினான், ஓடிவந்து மடியில் படுத்துக்கொண்டது" மாதிரிப் பதிவுகள் ஏற்கெனவே நிறைய வந்துவிட்டன. எத்தனை அடி தூரம், எவ்வளவு நேரம், என்ன கருவி, எங்கே சொதப்பும், ஏன் சொதப்பும் என்று எழுதினால் படிப்பவர்களுக்கு உதவும்.

பூனை வளர்ப்பவர்

பூனை பாட்டுக்கு மயங்கி வரும் என்ற எண்ணத்தை முதலில் கழற்றி வையுங்கள். பாட்டு முதலில் அடக்குவது பிள்ளையைத்தான். இரண்டு கையும் கருவியில் இருக்கும், கண் பாட்டுப் புத்தகத்தில் இருக்கும், ஆள் எங்கே இருக்கிறார் என்று குரலை வைத்தே பூனைக்குத் தெரிந்துகொண்டிருக்கும். நீளும் கை, உற்றுப் பார்க்கும் கண், சத்தமில்லாமல் பக்கத்தில் முளைக்கும் முகம், பயந்த பூனை ஒளிவது பெரும்பாலும் இந்த மூன்றுக்கும்தான்.

ஒளிவிடத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி, தரையில், பக்கவாட்டில் திரும்பி உட்கார வேண்டும். பூனை வெளியே வந்திருந்தால் அதற்கும் அதன் ஒளிவிடத்துக்கும் நடுவில் உட்காரவே கூடாது. முதல் மூன்று நாள் பாட்டு கிடையாது. பிள்ளை அங்கே உட்கார்ந்து 5 நிமிடம் படம் வரையட்டும். நான்காம் நாளிலிருந்து வாயை மூடிக்கொண்டு முனகுவது மட்டும், 2 நிமிடம், ஒரு நாளுக்கு இரண்டு முறை. வார்த்தை பிறகு வரட்டும். நம் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸோடு (நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற அளவு) நின்றுவிடும். பூனையுடையது 85,000 வரை போகும். 'ச', 'ஸ', 'ஷ' ஓசைகளில் உயர்ந்த அதிர்வெண் அதிகம். சாவிக்கொத்தும் பாலிதீன் பையும் நமக்கு லேசாகக் கேட்கும்போதே அதற்குக் காதைக் குத்தும்.

பலரும் தலைகீழாகச் செய்வது வரிசையை. பாட்டின் முதல் வரி முடிந்து ஓரிரு நொடியில் ட்ரீட் (பிடித்த தின்பண்டத் துண்டு) வர வேண்டும். ட்ரீட்டை வைத்துவிட்டுப் பாடினால், பூனைக்குப் பாட்டு எதற்கும் அடையாளமாகாது. தின்னும்போது கேட்கும் ஏதோ ஒரு சத்தம், அவ்வளவுதான். ட்ரீட்டைத் தரையோடு உருட்டிவிட வேண்டும். கையை ஓங்கி எறிந்தால் அன்றைய வேலை அதோடு முடிந்தது.

தொடர்ந்து மூன்று அமர்வுகளில் ட்ரீட்டைச் சாப்பிட்டால் 30 செ.மீ. முன்னே நகரலாம். ஒருமுறை மறுத்தாலும் 60 செ.மீ. பின்னே போங்கள். பயத்தை அளக்க வேறு கருவி வேண்டாம், சாப்பிடுகிறதா இல்லையா என்று பார்த்தால் போதும்.

கண்ணை மெல்லச் சுருக்கி, மூடி, திறந்து, முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். மனிதர் இப்படி மெதுவாகக் கண் சிமிட்டினால் பூனையும் சிமிட்டுகிறது, கிட்டே வரவும் தயங்குவது குறைகிறது என்று 2020இல் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வெளிவந்தது. பாட்டு முடிகிற இடத்தில் ஒருமுறை செய்தால் போதும். ஆறு வயதுக்காரர் ஆர்வத்தில் இருபது முறை சிமிட்டுவார், அதுவே உற்றுப் பார்ப்பதாகிவிடும்.

இன்னொன்று. உடல் முழுக்க வெள்ளையாக, இரண்டு கண்ணும் நீலமாக இருக்கும் பூனைகளில் பிறவிச் செவிடு மிக அதிகம். மாதக்கணக்கில் பாடியும் காது மடல்கூடத் திரும்பவில்லை என்றால் கூச்சம் என்று முடிவு கட்டாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

முயல் வளர்ப்பவர்

முயலைப் பொறுத்தவரை பெரிய ஆபத்து, அதன் பயத்தைப் பார்த்து "ரசிக்கிறது" என்று நினைப்பது. பாட்டு தொடங்கியதும் முயல் அசையாமல் இருந்தால் பிள்ளைகளுக்கு ஒரே மகிழ்ச்சி, "கேக்குது பாருங்க!" என்பார்கள். மூக்கைப் பாருங்கள். நிம்மதியாக இருக்கும் முயலின் மூக்கு மெதுவாக ஆடிக்கொண்டே இருக்கும், பின்னங்கால் ஒரு பக்கமாக நீண்டு கிடக்கும், ஒரு காது உங்கள் பக்கமும் மற்றது வேறெங்கோவும் திரும்பியிருக்கும். உறைந்த முயலுக்கு மூக்கு ஆட்டம் நின்றுபோகும், அல்லது படபடவென்று அடிக்கும். கண் பிதுங்கி ஓரத்தில் வெள்ளை தெரியும், உடம்பு தரையோடு அப்பியிருக்கும். அப்போது பாட்டைச் சட்டென்று நிறுத்த வேண்டாம், குரலை இறக்கிக்கொண்டே போய் முடித்துவிட்டு அமைதியாக உட்கார்ந்திருங்கள். பிள்ளை துள்ளி எழுந்தால் முயலும் துள்ளும். மிரண்டு உதைக்கும் உதையில் அதன் முதுகெலும்பே முறியக்கூடும். அதனால்தான் பழகும் நாட்களில் பிள்ளை முயலைத் தூக்கக் கூடாது.

தரை வழியாக வரும் அதிர்வையும் முயல் உணரும். கூண்டு இருக்கும் அதே மேசையில் ஸ்பீக்கரையோ கீபோர்டையோ வைக்காதீர்கள். கருவிக்கு அடியில் நாலாக மடித்த போர்வை போடுங்கள்.

நேரம் விடியற்காலையும் அந்தி நேரமும். நடுப்பகலில் அது ஓய்வெடுக்கும். ட்ரீட்டாக அன்றாடத் தீனியிலிருந்தே ஐந்தாறு உருண்டையை எடுத்து வைத்துக்கொள்ளலாம், தனியாக இனிப்பான பழம் தேவையில்லை. பழக்கும் வேகத்தில் ஒன்றைத் தவறவிட வேண்டாம்: முயல் 12 மணி நேரமாக எதையும் தின்னவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் அதைக் கூச்சம் என்று விடாமல் உடனே மருத்துவரிடம் தூக்கிப் போக வேண்டும்.

இசை சொல்லித் தருபவர்

கருவி பற்றிச் சொல்கிறேன். தொடக்கத்துக்குக் குரலை விட நல்ல கருவி இல்லை. கருவிதான் வேண்டுமென்றால் நைலான் கம்பி யுகுலேலே (நாலு கம்பிக் குட்டி கிதார்). அதன் கம்பிகள் சுமார் 262 முதல் 440 ஹெர்ட்ஸ் வரை, மென்மையாகத் தொடங்கி மென்மையாக அடங்கும். மீட்டுவதற்கு ப்ளாஸ்டிக் பிக் வேண்டாம், கட்டைவிரல் சதை போதும். கலிம்பாவும் (கட்டைவிரலால் உலோகப் பட்டைகளை மீட்டும் சிறு கருவி) சரிதான், நகம் படாமல் வாசித்தால். புல்லாங்குழலும் மவுத் ஆர்கனும் கற்றுக்கொள்ளும் கையில் ஆபத்து. மூச்சு கொஞ்சம் கூடினால் குழல் ஒரு ஸ்தாயி மேலே தாவிக் கீச்சிடும், அந்த ஒரு கீச்சு ஒரு வார உழைப்பைத் தின்றுவிடும். இதை அடுத்த அறையில் பழகட்டும்.

கீபோர்டில் இரண்டு கண்ணி. ஒன்று, ஆன் செய்ததும் முந்தைய ஒலியளவை மறந்து தன் இஷ்டத்துக்கு வருகிற மாடல்கள். இன்னொன்று டெமோ பொத்தான். எந்தப் பிள்ளையின் விரலும் அதைக் கண்டுபிடித்துவிடும், முழு வாத்தியக் கோஷ்டியும் ஒரே நேரத்தில் முழங்கும். பொத்தான் மேல் அட்டைத் துண்டு வைத்து ஒட்டிவிடுங்கள். பொம்மைக் கீபோர்டில் 'அதிகம்', 'மிக அதிகம்' என்று இரண்டே நிலைதான் இருக்கும் (யார் இவற்றைச் செய்கிறார்களோ!). ஸ்பீக்கர் துளைகளின் மேல் மூன்று, நான்கு அடுக்கு செல்லோடேப் ஒட்டினால் பாதிக்கு வரும்.

அறையையும் கவனியுங்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் சத்தம் 6 டெசிபல் குறையும். வெறும் தரையும் வெறும் சுவருமான அறையில் அவ்வளவு குறையாது, சுவர் திருப்பி அடிக்கும். ஒரு ஜமுக்காளமும் கனமான திரைச்சீலையும் நல்ல மாற்றம் தரும்.

பிள்ளை தப்பு சுரம் வாசித்தால் பூனைக்கு ஒன்றும் இல்லை. தப்பு வந்ததும் "அய்யோ!" என்று கத்துகிறாரே, பூனையை விரட்டுவது அந்தக் கத்தல்தான்.

நாய்ப் பயிற்சியாளர்

ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் காப்பக நாய்களிடம் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்து வகை இசை போட்டுப் பார்த்தார்கள். ரெகேவும் (ஜமைக்கா இசை வகை) சாஃப்ட் ராக்கும் (மென்மையான ராக் இசை) கொஞ்சம் கூடுதலாக அமைதி தந்தன. அதற்கு முன்பு மேற்கத்திய செவ்வியல் இசையை மட்டும் போட்டபோது சில நாளிலேயே நாய்களுக்கு அது பழகிப் பலன் மங்கியது. அதனால்தான் மாற்றி மாற்றிப் போடச் சொல்கிறார்கள். அது பின்னணி இசைக்கு. பிள்ளை பாடுவது வேறு, அது "நான் வந்திருக்கிறேன், இனி இதுதான் நடக்கும்" என்ற அறிவிப்பு. அதை மாற்றவே கூடாது. அதே பாட்டை நாள் முழுக்க ஸ்பீக்கரில் ஓடவிட்டாலும் அறிவிப்பு செத்துப்போகும்.

நகம் வெட்டுவதற்கு முன்போ, குளிப்பாட்டும்போதோ, மருத்துவரிடம் போகும் வண்டியிலோ இந்தப் பாட்டைப் பாடிச் சமாதானப்படுத்தாதீர்கள். இரண்டு மூன்று தடவையில் பாட்டு கெட்ட சகுனமாகிவிடும், திரும்ப மீட்பதை விடப் புதுப் பாட்டு தொடங்குவது எளிது.

நாய் கொட்டாவி விடுவதும் உதட்டை நக்குவதும் எப்போதும் தூக்கமோ பசியோ அல்ல, பல நேரம் "எனக்குச் சங்கடமாக இருக்கிறது" என்பதன் அடையாளம். நீண்ட சுரத்துக்கு ஊளையிட்டால் உடம்பைப் பாருங்கள். வால் தளர்ந்து கிட்டே வந்தால் பரவாயில்லை. வால் உள்ளே செருகி, முகத்தைத் திருப்பி, கண்ணின் வெள்ளை தெரிந்தால் நிறுத்துங்கள். ட்ரீட் பட்டாணி அளவு போதும், எல்லாம் சேர்த்து அன்றைய உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

அப்புறம், பிராணி விலகிப் போனால் பாட்டை நிறுத்திவிட வேண்டும் என்பது என் கட்சி. "நான் விலகினால் சத்தம் நிற்கிறது" என்று தெரிந்துவிட்டால் அடுத்த முறை தைரியமாக நெருங்கும்.

பூனை வளர்ப்பவர்

நாய்க்குச் சரி. பூனை விலகுவது பல நேரம் பயத்தால் அல்ல, உடம்பை நக்கச் சுவரோரம் போகும், ஜன்னலில் எதையோ பார்க்கப் போகும். ஒவ்வொரு நகர்வுக்கும் நிறுத்தினால் பிள்ளைக்குப் பாட்டே ஓடாது. பதுங்கி, வேகமாக, காதை மடித்து விலகினால் நிறுத்துங்கள். நிமிர்ந்து நடந்து போனால் குரலைக் குறைத்து அந்த வரியை முடித்துவிடலாம்.

பறவை வளர்ப்பவர்

பட்ஜிக்கு முறை வேறு. அதன் காது கூர்மையாக இருப்பது 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் அளவில், விசில் ஏறத்தாழ அங்கேதான் இருக்கிறது. மேலே சொன்ன முனகலை விட மெல்லிய விசில் எடுபடும். மூன்று சுரம், பிறகு 10 நொடி மௌனம், மறுபடி அதே மூன்று. அந்த மௌனம்தான் முக்கியம், பட்ஜி பதில் குரல் கொடுத்துப் பழகிய பறவை, அதற்கு இடம் விட வேண்டும். பிள்ளைகளுக்கு 10 நொடி யுகமாகத் தெரியும். விரல் விட்டு எண்ணச் சொல்லுங்கள்.

கூண்டுக்கு மேலிருந்து பாடக் கூடாது, மேலிருந்து வருவது பருந்து. பறவையின் கண் மட்டத்தில் அல்லது கொஞ்சம் கீழே, 2 மீட்டர் தள்ளி. இறகு உடம்போடு ஒட்டி, கழுத்து நீண்டு ஒல்லியாகத் தெரிந்தால் பயம். இறகு லேசாக உப்பி, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, அலகை 'கிர் கிர்' என்று அரைத்தால் நிம்மதி. இரவில் துணி மூடிய பின் ஒரு சுரம்கூட வேண்டாம், இருட்டில் திடுக்கிட்டால் கம்பியில் மோதிச் சிறகை ஒடித்துக்கொள்ளும். ஹாம்ஸ்டர் வைத்திருப்பவர்கள் கேட்டிருந்தார்கள்: அது இரவு விலங்கு, பகலில் எழுப்பிப் பாடினால் கடிதான் கிடைக்கும்.

ஒரு பெற்றோர்

பிள்ளை உட்கார மறுத்தால்? எத்தனை நாள் ஆகும்?

பூனை வளர்ப்பவர்

3 நிமிட மணல் கடிகாரம் ஒன்று வையுங்கள். மணல் தீர்ந்தால் பாட்டு முடிந்தது, நன்றாகப் போனாலும் அன்றைக்கு அவ்வளவுதான். "இன்னும் ஒரே ஒரு தடவை"யில்தான் பெரும்பாலும் கெடும். ஒரு தாளில் மூன்று கட்டம் வரைந்து கொடுங்கள்: சாப்பிட்டது, பார்த்தது, ஒளிந்தது. பிள்ளையே குறி போடட்டும், கவனிக்க வேலை இருந்தால் பிடிக்கப் போகாது. ஐந்து வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் மடியில் உட்கார்த்திச் சேர்ந்து பாட வேண்டும். எந்த வயதானாலும் பெரியவர் அறையில் இருக்க வேண்டும்.

நாள் கணக்கு வேண்டாம், வாரக் கணக்கில் பாருங்கள். 3 மீட்டரிலிருந்து 1 மீட்டருக்கு வரவே ஒன்றரை, இரண்டு மாதம் ஆகலாம். 1 மீட்டரில் நின்றுபோனால் பிள்ளை நகர வேண்டியதில்லை. மீதி தூரத்தைப் பூனை வரட்டும். வந்து முகர்ந்தால் பாட்டை நிறுத்தாமல், கையை எடுக்காமல் வாசித்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். தொடுவது, பூனை தானாக வந்து முழங்காலில் கன்னத்தைத் தேய்த்த பிறகு. அப்போதும் ஒரு விரல், தாடைக்குக் கீழே, 3 நொடி.

தோழர்கள் வீட்டுக்கு வந்திருக்கும் நாளில் "எங்க பூனை பாட்டு கேக்கும்" என்று பிள்ளைக்குக் காட்டத் தோன்றும். அன்றைக்குக் கருவியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.