'பெப் பேண்ட்' தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

திருச்சியிலிருந்து, செவ்வாய்:

எல்லாருக்கும் வணக்கம். சிறுவர் இதழ் ஒன்றுக்காக அமெரிக்கப் பல்கலைக்கழக வாத்தியக் குழுக்களின் வரலாற்றை மொழிபெயர்க்கிறேன். ஸ்டான்ஃபோர்டு 1893, ஹார்வர்டு 1919 என்று தொடக்கக் கதையெல்லாம் சிக்கலில்லாமல் வந்துவிட்டது. மைதானத்தில் நடந்தபடி வாசிப்பவர்களுக்கு 'அணிநடை இசைக்குழு' என்று போட்டுவிட்டேன். அவர்களில் இருபது முப்பது பேர் கூடைப்பந்து அரங்கின் படிக்கட்டில் உட்கார்ந்து, ஆட்டம் நிற்கும்போதெல்லாம் ஊதித் தள்ளுகிறார்களே, அந்தப் 'பெப் பேண்ட்'டுக்குத்தான் சொல் அகப்படவில்லை. 'பேண்டு வாத்தியம்' என்றால் பிள்ளைகள் கல்யாண ஊர்வலத்தை நினைப்பார்கள். வெள்ளிக்கிழமை பக்கம் அச்சுக்குப் போகிறது.

மதுரையிலிருந்து:

தம்பி, முதலில் வேரைப் பாருங்கள். 'பெப்' என்பது 'பெப்பர்' என்பதன் குறுக்கம். பெப்பருக்கு மூலம் கிரேக்கப் பெபெரி, அதற்கு மூலம் பிப்பலி, அதுவே நம் திப்பிலி. ஆக அவர்கள் ஊதுவது நம் நாட்டு மருந்துக்கடைச் சரக்கு! காரம், சுறுசுறுப்பு, கிளர்ச்சி எல்லாம் அதில் அடக்கம். 'இயம்' என்றால் வாத்தியம். பல்லியம், இயவர் எல்லாம் பழைய சொற்கள். கிளர் + இயம் = கிளரியம். வாசிப்பவர் கிளரியவர்.

பெங்களூரிலிருந்து:

ஐயா, மன்னிக்கணும். சோடியம், கால்சியம், கிளரியம். பிள்ளைகள் அணு எண் கேட்பார்கள். 'உற்சாக வாத்தியக் குழு' போதாதா?

மதுரையிலிருந்து:

உற்சாகமும் வடமொழி, வாத்தியமும் வடமொழி. 'குழு' மட்டும் நமக்கு மிச்சம்.

கோயம்புத்தூரிலிருந்து:

மலைபடுகடாம் தொடக்கத்திலேயே கூத்தர் சுமந்துபோகும் கருவிகளின் வரிசை இருக்கிறது: முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, தூம்பு... இந்தப் பாண்டில்தான் கடல் கடந்து 'பேண்டு' ஆகியிருக்க வேண்டும். அப்புறம், 'களிற்று உயிர்த் தூம்பு' என்கிறார் புலவர். யானைத் துதிக்கை போல நீண்டு பெருமூச்சு விடும் கருவி. நீட்டி இழுத்து ஊதும் பித்தளைக் கருவியான டிராம்போனுக்கு இதைவிட நல்ல சொல் உண்டா? 1982 நவம்பர் 20 அன்று ஸ்டான்ஃபோர்டுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் நடந்த அமெரிக்கக் கால்பந்தில், ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்து ஸ்டான்ஃபோர்டு குழுவினர் களத்துக்குள் இறங்கிவிட, கலிஃபோர்னிய ஆட்டக்காரர் பந்தோடு அவர்களுக்கு நடுவே புகுந்து எல்லையைத் தொட்டு, ஒரு தூம்புக்காரர் மேல் மோதினார். 25-20, கலிஃபோர்னியா வெற்றி. தூம்புக்காரர் கீழே.

மதுரையிலிருந்து:

பாண்டில் என்பது கஞ்சதாளம், ஐயா. ஓசை ஒத்துப்போனால் உறவாகிவிடுமா? (திப்பிலிக்குச் சான்று உண்டு, அது வேறு.) தூம்பு நன்று.

யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம் ஐயா. இவ்வளவு தூரம் ஏன் போகிறீர்கள்? எங்கட பள்ளிக்கூடங்களின் கிரிக்கெட் பெரும்போட்டிகளில் ட்ரம்பெட்டும் ட்ரம்முமாகப் பார்வையாளர் பக்கத்தில் நின்று வாசிப்பதைப் 'பப்பரே' என்கிறோம். நீங்கள் கேட்ட சாமானேதான். அணிநடை இல்லை, ஆரவாரம் மட்டும்.

பெங்களூரிலிருந்து:

அக்கா, சத்தத்திலேயே பொருள் இருக்கிறது. ஆனால் திருச்சிப் பிள்ளைக்கு இது தெரியாதே?

யாழ்ப்பாணத்திலிருந்து:

தெரியாதுதான். கிளரியம் மட்டும் தெரியுமோ?

திருச்சியிலிருந்து, வியாழன் இரவு:

கட்டுரையின் கடைசிப் பத்தியில் வைத்துப் பார்த்தேன். 2024 மார்ச்சில் தேசியக் கூடைப்பந்துப் போட்டிக்காக யேல் பல்கலைக்கழக அணி ஸ்போகேன் நகருக்குப் போனது. அதன் வாத்தியக் குழுவால் வர முடியவில்லை. பக்கத்து மாநிலத்து இடாஹோ பல்கலைக்கழகக் குழு யேல் சட்டை போட்டுக்கொண்டு, யேல் பாட்டைப் புதிதாகப் பழகி வாசித்தது. யேல் 78, எதிரணி ஆபர்ன் 76. இந்த இடத்தில் 'இடாஹோ கிளரியம்' என்று எழுதினால் சுரங்கத்தில் தோண்டி எடுத்தது போல இருக்கிறது. 'இடாஹோ பப்பரே' துள்ளுகிறது, ஆனால் அதை விளக்கவே ஒரு பத்தி வேண்டும். (அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரின் பெயர் மாஸ்கோ. பிழை திருத்துபவர் இடாஹோவை அடித்துவிட்டு ரஷ்யா என்று போட்டுவிட்டார். அது தனிச் சண்டை.)

கோயம்புத்தூரிலிருந்து:

அந்தப் போட்டியில் ஒரு குழுவுக்கு 29 பேர்தான் என்று வரம்பு உண்டு. 'சிறு' என்பதையும் சேர்க்கலாமா? சிறுபல்லியம்?

பெங்களூரிலிருந்து:

வேண்டாம் சார். மணி பதினொன்று. உற்சாக வாத்தியக் குழுவுக்கே என் ஓட்டு.

கோயம்புத்தூரிலிருந்து:

சரி, எனக்கும் அதுவே.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எனக்குச் சம்மதமில்லை. மூன்று சொல் சேர்ந்து ஊர்வலம் போகிறது. பப்பரே ஒரே மூச்சு.

மதுரையிலிருந்து:

என் மறுப்பையும் குறித்துக்கொள்க. அடிக்குறிப்பிலாவது கிளரியம் இருக்கட்டும்.

திருச்சியிலிருந்து, வெள்ளி:

ஐயா, அடிக்குறிப்புக்கு இடமில்லை. உற்சாக வாத்தியக் குழு என்றே போய்விட்டது. படத்துக்குக் கீழே மூன்று சொல்லும் கொள்ளாமல் வடிவமைப்பாளர் 'உற்சாகக் குழு' என்று வெட்டிவிட்டார். டிராம்போனைத் தூம்பு என்றே போட்டேன், யாரும் கை வைக்கவில்லை.